பதினோராம் பக்கத்துக் கடிதம்

பழைய விடுதி நோட்டைத் திறந்ததும், பதினோராம் பக்கத்தில் ஒட்டியிருந்த இன்லண்ட் லெட்டர் கழன்று என் மடியில் விழுந்தது. மைதா மாவு காய்ச்சி ஒட்டியது. இருபத்தேழு வருடம் தாங்கியதே பெரிய காரியம். மறுபடி ஒட்டிவிடலாம் என்று பசை டப்பாவை எடுத்து வந்து கடிதத்தைத் திருப்பினேன். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது.

முதல் தடவை வாசித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டாவது தடவை வாசித்ததும் பீரோ முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து, "சாயா ஆறிப் போவுது" என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

நான் படித்தது நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியில். வீடு கோட்டாறுதான், நடந்தே போய்வரலாம். ஆனாலும் அப்பாவிடம் அடம்பிடித்து விடுதியில் சேர்ந்தேன், காரணம் கும்மாளம். எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாண்டு வருகிற ஒவ்வொரு பெண்ணையும் இரண்டாமாண்டுக்காரி ஒருத்தி மகளாக எடுத்துக்கொள்வாள். மகள் அவளை 'மம்மி' என்று கூப்பிட வேண்டும். அந்த மம்மிக்கு மூன்றாமாண்டில் ஒரு மம்மி இருப்பாள். இருபது வயதில் பேத்தி பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் விடுதியில் ஏராளம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு உண்டு. போட்டோ, பிறந்தநாள் வாழ்த்து, மெஸ் டோக்கன் எல்லாம் அதில் ஒட்டி, வருகிற தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போவோம்.

அந்த நோட்டுக்கு ஒரு சட்டமும் இருந்தது. மகளுக்கு வீட்டிலிருந்து வருகிற முதல் கடிதம் குடும்பத்துக்குச் சொந்தம். மம்மிதான் பிரிக்க வேண்டும். சாயங்காலம் காப்பி நேரத்தில் மெஸ் பெஞ்சு மேல் ஏறி நின்று அதை உரக்க வாசிக்க வேண்டும். வாசித்ததும் நோட்டில் ஒட்டிவிட வேண்டும். வீட்டை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நாலு பேரோடு சேர்ந்து சிரித்துவிட்டால் தேறிவிடுவார்கள் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வோம். நானும் அதை மனதார நம்பினேன்.

எனக்கு வாய்த்த மகள் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்தவள். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. ஒல்லியாக, தலையில் எண்ணெய் வழிய, ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றாள். பேசினால் பாதி மலையாளம். "மம்மி, எனக்கு இங்கன ஒண்ணும் அறியாது கேட்டியளா" என்பாள். பக்கத்து அறைக்காரிகள் அதைக் கேட்பதற்காகவே வந்து உட்கார்வார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. இதை இப்போது சொல்லவே கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

அவளுடைய முதல் கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் சும்மாவே வாயாடி, அடுத்தவர்களைப் போலப் பேசிக்காட்டுவதில் கெட்டிக்காரி. பெஞ்சு மேல் ஏறியதும் மொத்த மெஸ்ஸும் டம்ளரைத் தட்டியது. அவள் அம்மாவின் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மகள் பேச்சை இன்னும் கொஞ்சம் இழுத்து நீட்டி ஒரு அம்மாவை உண்டாக்கினேன். "அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இவிடம் மழை. மழையினால் வெட்டு இல்லை. ஆடு ரெண்டு குட்டி போட்டது, ஒண்ணு கறுப்பு. நீ தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே." எண்ணெய் என்றதும் எல்லோரும் அவள் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கடைசி வரி, "இனி ஒரு காரியம் உன்னிடம் சொல்ல உண்டு" என்று இருந்தது. தாள் அங்கே முடிந்துவிட்டது.

அந்த இடத்தில் நான் கடிதத்தைத் திருப்பியிருக்க வேண்டும். இன்லண்ட் லெட்டரின் உள்பக்கம் நிறைந்துவிட்டால் வெளிப்பக்கத்து மடிப்பில் மிச்சத்தை எழுதுவார்கள் என்பது அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் திருப்பவில்லை. சிரிப்பு உச்சத்தில் இருந்தது, அதை விட எனக்கு மனசில்லை. "இனி ஒரு காரியம் உன்னிடம் சொல்ல உண்டு. அங்க மெஸ்ஸில் மத்திக்கறி கிட்டுமா? கிட்டினால் அம்மாவுக்கு ஒரு துண்டு பார்சல் அனுப்பு" என்று சொந்தமாக ஒரு போடு போட்டேன். மெஸ் அதிர்ந்தது. சமையல்காரி கூடக் கரண்டியோடு வெளியே வந்து சிரித்தாள். அதற்குள் ஒருத்தி பசைக் கிண்ணத்தை நீட்ட, கடிதம் நோட்டில் ஏறிவிட்டது. எழுதிய மடிப்பு பசைக்குள் போயிற்று.

கை கழுவுகிற இடத்தில் அவள் என்னிடம் கேட்டாள்.

"மம்மி, எனக்க அம்மா உள்ளதா மத்திக்கறி கேட்டாவளா?"

"ஆமாட்டி. பின்ன நானா எழுதுனேன்?"

"அம்மா மீனே தின்ன மாட்டாவளே."

"உனக்காக் கேட்டிருப்பாவ. போ, போய்ப் படி."

அந்தக் கடிதத்தைப் பிறகு அவள் பார்க்கவே விரும்பவில்லை. கூச்சம். அவள் இரண்டாமாண்டு வந்தபோது வழக்கப்படி நோட்டை அவளிடம் கொடுத்தேன். "அது உங்க கையிலயே இருக்கட்டும் மம்மி, எனக்கு வேண்டாம்" என்று விலகிப் போனாள். அதனால்தான் அது என் பீரோவிலேயே கிடந்தது.

மடிப்பில் இருந்ததை இனி மறைத்து ஆவதில்லை.

"அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன். உனக்க படிப்புக்குத்தான். அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. உன்னிடம் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலே ஒன்பது மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரம் பஸ் நிக்கிற இடத்தில் வந்து நிக்கிறேன். மத்தியானம் மூணு மணி பஸ்ஸுக்குத்தான் போவேன், அது வரை நிக்கிறேன். போகாண்டாம் என்று நீ சொன்னால் அம்மா போக மாட்டேன். நீ வரவில்லை என்றால் உனக்குச் சம்மதம் என்று வைத்துக்கொள்ளுவேன்."

பேச்சிப்பாறையிலிருந்து திருவனந்தபுரம் போக யாரும் நாகர்கோவிலுக்கு வரமாட்டார்கள். மார்த்தாண்டம் வழியாகப் போனால் பாதி தூரம். அந்த அம்மா பெட்டியும் கையுமாக எதிர்த்திசையில் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். எங்கள் விடுதியிலிருந்து வடசேரிக்குப் பதினைந்து நிமிட நடை. ஆறு மணி நேரம் அவர்கள் அங்கே நின்றிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கே இருந்தோம் என்று யோசித்துக் கஷ்டப்பட வேண்டியதே இல்லை. அடுத்த பக்கத்தில் போட்டோ இருக்கிறது. புது மகள் வந்த சந்தோஷத்தில் குடும்பத்தோடு கன்னியாகுமரி போயிருந்தோம். சங்கு மாலை போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, என் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறாள். கீழே என் கையெழுத்தில் 'மகளோடு முதல் ஞாயிறு' என்று எழுதி ஒரு பூவும் வரைந்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் அப்பா விடுதிக்கு வந்து, அம்மா வளைகுடாவுக்குப் போயாச்சு என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே மம்மி, ஒரு வார்த்தை" என்று என் மடியில் கிடந்து அழுதாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். அதோடு நிறுத்தினேனா? "பெத்த பிள்ளைக்கிட்ட சொல்லாமப் போக எப்படித்தான் மனசு வந்துதோ? போட்டும்ட்டி, உனக்கு நான் இருக்கேன்" என்றேன். குவைத்திலிருந்து வந்த கடிதங்களை அவள் பிரிக்காமலே கிழித்துப் போட்டபோதும் கூடவே நின்றேன், சரி என்று தலையாட்டினேன். ஏழெட்டு கிழித்த பிறகு கடிதம் வருவது நின்றது. பணம் மட்டும் நிற்காமல் அப்பா பெயருக்கு வந்துகொண்டிருந்தது.

படிப்பு முடிந்தால் மம்மி, மகள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். எங்களுக்கு முடியவில்லை. அவள் கல்யாணத்தில் தாய் ஸ்தானத்தில் பக்கத்தில் நின்றது நான். ஆறு வருடம் உழைத்துத் திரும்பி வந்திருந்த அவள் அம்மா பந்தியில் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தது நான். இன்று அவள் குலசேகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவள் செய்கிற முந்திரிக்கொத்தில் முதல் டப்பா எனக்குத்தான் வரும். பேச்சிப்பாறையில் தன் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவை அதற்குப் பிறகு ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு தடவை போனில் சொன்னாள். "மம்மி, அம்மா இப்பம் புதுசா ஒண்ணு சொல்லுகாவ. போறதுக்கு முந்தி காயிதம் போட்டாவளாம். பஸ் ஸ்டாண்டுல வந்து காத்து நின்னாவளாம். எப்பிடிக் கூசாமப் பொய் சொல்லுகாவ பாருங்க."

"விடுட்டி, வயசாச்சு. அவங்களுக்கே அப்படித் தோணியிருக்கும்" என்றேன் நான். பெரிய மனுஷியாக. நியாயஸ்தியாக.

இதையெல்லாம் பீரோ முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அழுகை வரவில்லை. அவள் என்மேல் வைத்த பாசத்தில் எது எனக்கு உரியது, எது அந்த பஸ் ஸ்டாண்டில் நின்றவருக்கு உரியது என்று பிரித்துப் பார்க்கவே பயமாக இருந்தது. பசை டப்பா பக்கத்தில்தான் இருந்தது. மூடியைத் திறந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. விரலில் பசையைத் தொட்டு எடுத்தே விட்டேன். பிறகு எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

நோட்டை எடுக்க நேர்ந்தது எங்கள் பழைய மாணவியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்காக. சங்கச் செயலாளர் என்னோடு படித்தவள், பட்டாளத்துக்காரி மாதிரி உத்தரவு போடுவாள். "எட்டீ, இந்தத் தடவை விடுதிக் குடும்பங்களுக்க நோட்டெல்லாம் கண்காட்சி வைக்கோம். நீ அந்த மத்திக்கறிக் காயிதத்தை மேடையில திரும்ப வாசிக்கணும். நிகழ்ச்சி நிரல்ல போட்டாச்சு" என்றாள். மகளிடமும் சம்மதம் வாங்கியிருந்தாள். "வாசியுங்க மம்மி, இப்பம் எனக்குக் கூச்சம் ஒண்ணும் இல்ல" என்று அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

கூட்டம் பழைய மெஸ் ஹாலில். நான் காலையிலேயே போய்விட்டேன். அவள் பட்டுச்சேலை கட்டி, தலைமுடிக்குச் சாயம் பூசி, வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மம்மி, முகம் என்ன ஒருமாதிரி இருக்கு? பிரஷர் மாத்திரை போட்டியளா?" என்றாள். நான் அவளைக் கை கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தச் சிமெண்ட் தொட்டியும் வரிசையான குழாய்களும் மாறவே இல்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பு மேலே தெரியும்படி அவள் கையில் கொடுத்தேன்.

"இது பின்பக்கம். அன்னைக்கு நான் திருப்பிப் பாக்கல. மத்திக்கறி எல்லாம் நான் சும்மா சொன்னது."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். அந்த நேரம் பார்த்து ஹாலில் மைக் அலறியது. இப்போதைய மாணவிகள் எங்கள் வழக்கத்தை விடாமல் காப்பாற்றி வருகிறார்களாம். கடிதம் இல்லாத காலம் என்பதால், புதிதாக வந்த பிள்ளையின் போனை வாங்கி அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஒலிபெருக்கியில் போடுகிறார்களாம். அதற்கு எங்கள் சங்கம் பரிசு வேறு கொடுக்கிறது. "மக்கா, சோறு தின்னியா? எனக்கு நீ இல்லாம வெப்ராளமா இருக்கு மக்கா" என்று யாரோ ஒரு அம்மாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். இவள் ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்துத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி மடிப்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"ஒன்பது மணியிலேருந்து" என்றாள்.

"ஆமா."

"அம்மா சொன்னது உள்ளது."

"உள்ளதுதான். அம்மா பொய் சொல்லல மக்கா. நான்தான்…"

அவள் என்னை முடிக்க விடவில்லை. கையைக் காட்டி நிறுத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்கு நடந்தாள்.

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். பெஞ்சு மேல் ஏறச் சொன்னார்கள், ஏறவில்லை. மைக்கை வாங்கி, "நான் வாசிக்க மாட்டேன். முதல்ல அந்தப் பிள்ளைக்க போனை அவ கையில குடுங்க" என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அதற்கும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு நானே போய் ஒலிபெருக்கிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். செயலாளர், "உனக்கு என்னட்டி பிடிச்சிருக்கு?" என்று பின்னாலேயே வந்தாள். நான் நிற்காமல் வராந்தாவுக்குப் போனேன்.

அவள் சுவரைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான். இல்ல, ஒண்ணும் இல்ல, பிள்ளையளுக்கு ஒண்ணும் இல்ல. அம்மா, நீங்க போட்ட காயிதம் கிட்டிச்சு. அந்தக் காயிதந்தான். இல்லம்மா, இப்பந்தான் கிட்டிச்சு."

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, நெடுநேரம் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். தோள் மட்டும் குலுங்கிற்று. போய்ப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை எழுந்தது. எந்த உரிமையில் பிடிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

பிறகு அவள் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். கடிதத்தை மடித்தாள். பழைய மடிப்புகளிலேயே அது மடிந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பேச்சிப்பாறைக்கு வடசேரியிலேருந்து இப்பம் பஸ் உண்டா?"

"நான் கார்ல கொண்டு விடுகேன் மக்கா. ஒரு மணி நேரம்தான்."

"வேண்டாம் அக்கா" என்றாள். "நான் போய்க்கிடுகேன்."

இருபத்தேழு வருடத்தில் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை நடந்தவள், வெளிக்கேட்டைத் தாண்டியதும் ஓடத் தொடங்கினாள்.